பாதித் திரையில் பத்தாயிரம் மீட்டர்

தோழர்களே, தாய்மார்களே, வாருங்கள்! ஷார்ஜாவின் ரோலாவிலே, துபாய்ப் பேருந்துகள் நிற்கிற இடத்துக்குப் பின்தெருவிலே, நான்காவது மாடிக்கு ஏறி வாருங்கள். லிஃப்ட் ஓடுகிறது; மூச்சு வாங்குகிறது என்று சாக்குச் சொல்லி எவரும் கீழே நின்றுவிட முடியாது. அந்த வீட்டுக் கதவு வெள்ளிக்கிழமைகளில் திறந்தேதான் கிடக்கும். உள்ளே ஓர் அநீதி நடந்துகொண்டிருக்கிறது. கூக்குரல் கேட்கவில்லையே என்பீர்கள். கேட்காது. சிரிப்பும் பஜ்ஜி வாசனையும்தான் படிக்கட்டுவரை வந்து உங்களை வரவேற்கும். வாசனையோடு நடக்கிற அநீதியை எவன் வழக்குமன்றத்துக்குக் கொண்டுபோவான்? அதனால்தான் சாட்சிக்கு நீங்கள் வேண்டும்.

ஆண்டு இரண்டாயிரத்து எட்டு, ஆகஸ்டு மாதம். பெய்ஜிங்கில் உலகமே கூடி ஓடுகிறது, தாண்டுகிறது, எறிகிறது. ரோலாவின் இந்தக் கூடத்தில் இருபத்தொன்பது அங்குலத் தொலைக்காட்சி ஒன்று, சக்கரம் வைத்த மேசைமீது, மணமேடை மாப்பிள்ளைபோல் அமர்ந்திருக்கிறது. எதிரே சோபா, சோபா நிறைய ஆண்கள். பக்கவாட்டுச் சுவரில் ஒரு கதவு. கதவுக்கு அப்பால் சமையற்கட்டு. அங்கே அடுப்புக்கு முன்னால் நாகவள்ளி. நின்ற இடத்திலிருந்து கழுத்தைத் திருப்பினால் அவளுக்குத் தொலைக்காட்சி தெரியும். முழுதும் தெரியாது. கதவுநிலை குறுக்கே நிற்பதால் திரையின் இடது பாதி அவளுக்கு. வலது பாதி உலகத்துக்கு.

ஓட்டப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த எவருக்கும் தெரியும்: முடிவுக் கோட்டை நோக்கி இடமிருந்து வலமாகத்தான் ஓடி வருவார்கள். முந்துகிறவர் வலது ஓரத்தில் பறப்பார். பிந்துகிறவர் இடது ஓரத்தில் தத்தளிப்பார். கோடும் வலப்புறத்திலிருந்துதான் திரைக்குள் வரும். ஆகவே ஏதென்ஸ் ஒலிம்பிக், தோஹா ஆசிய விளையாட்டு, இப்போது பெய்ஜிங் என்று மூன்று பெருவிழாக்கள் அந்த வீட்டுக்குள் வந்துபோயும், நாகவள்ளி புறப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறாளே தவிர, போய்ச் சேர்ந்த ஒருவரையும் பார்த்ததில்லை. நீளம் தாண்டுகிறவன் ஓடி வருவது தெரியும். மணலில் விழுவது தெரியாது. தொடர் ஓட்டத்தில் குச்சியைக் கொடுத்தவர்களைத் தெரியும், வாங்கியவர்களைத் தெரியாது. ஈட்டி எறிகிற பெண்கள் எறிந்த பிறகு வாய்விட்டுக் கத்துவதை மட்டுமே கண்டவள் ஆதலால், நன்றாகக் கத்துகிறவளுக்குத்தான் பரிசு என்று அவள் நெடுநாள் எண்ணியிருந்தாள்.

ஆனாலும் அவளுக்கு அந்தப் பாதித் திரையின்மேல் கொள்ளை ஆசை. சாதனை, நொடி, புள்ளி எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கவலையும் கிடையாது. பளுதூக்குகிறவன் கைக்கு மாவு பூசிக்கொள்கிற பதைப்பு பிடிக்கும். உயரம் தாண்டுகிறவள் ஓடுமுன் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொள்வது பிடிக்கும். எந்த நாட்டுக்காரர் ஓடினாலும் அவளுக்கு ஒன்றுதான். எவர் தடுக்கிவிழுந்தாலும் "அச்சச்சோ" என்று கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். இவ்வளவு களங்கமில்லாத ரசிகையை அந்தப் பெய்ஜிங் மைதானத்தில் தேடினாலும் கண்டிருக்க முடியாது.

அவள் கணவன் முத்துராமன் ஷார்ஜா தொழில்பேட்டையில், குளிர்சாதனக் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். நல்லவன், குடி இல்லை, சூது இல்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் விருதுநகர் பக்கத்திலிருந்து மனைவியையும் மகள் அகிலாவையும் அழைத்துவருமுன் ஏழாண்டுக் காலம் சவுதியின் ஜுபைலில் தொழிலாளர் கேம்ப் வாழ்க்கை வாழ்ந்தவன். அந்த நாளின் தனிமையை மறக்காததால், வெள்ளிக்கிழமை தோறும் கேம்பில் இருக்கிற நண்பர்களை வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைப்பான். கௌஸ் முகைதீன் வருவார். தொழிற்சாலைப் பேருந்தின் ஓட்டுநர், கீழக்கரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நாகவள்ளியைத் தங்கச்சி என்றும் அவள் கணவனை மாப்ளே என்றும் உரிமையோடு அழைப்பார். வெல்டர் முனியசாமி வருவான்; பரமக்குடிப் பக்கத்து இளைஞன், வாய் ஓயாதவன்; அவனுக்கு அவள் மதினி.

வந்தவர்கள் உண்பார்கள், புகழ்வார்கள், தொலைக்காட்சி பார்ப்பார்கள். பசித்தவனுக்குச் சோறிடுவது அறம். அதில் நாகவள்ளிக்கு ஒரு குறையும் இல்லை. அந்த அறத்தின் அடுப்பு எப்போதும் ஒருத்தியின் முகத்துக்கு நேராகவே எரிவானேன் என்பதுதான் கேள்வி. கேம்பில் இவர்கள் யார் சமைத்து உண்கிறார்கள்? தாங்களே! மெஸ் டூட்டி என்று முறை வைத்து, பதினாறு பேருக்கு ஒருவன் வடித்துக் கொட்டுகிறான். முத்துராமன் ஜுபைலில் வைத்த ரசத்துக்குப் பக்கத்து அறைக்காரன் தம்ளரோடு வந்து நிற்பானாம். அவனே சொல்லிக் கொள்வான். அப்படிப்பட்ட கைகள், ஒரு பெண் இருக்கிற வீட்டு வாசலைத் தாண்டியதும் தண்ணீர்கூட மொள்ளத் தெரியாத கைகளாய்ப் போகின்றனவே, இதற்கு எந்த மருத்துவன் பெயர் வைப்பான்?

இரண்டாண்டுகளுக்கு முன் தோஹா விளையாட்டின்போது ஒருநாள், டீ கொண்டுவந்த நாகவள்ளி தன்னை மறந்து சொல்லிவிட்டாள்:

"அந்த நீலச்சட்டைப் புள்ள என்னமா ஓடுது! அதுக்குத்தானே பரிசு?"

கூடம் சிரிப்பில் வெடித்தது.

"மதினி, அது கடைசியில இருந்து முத ஆளு!" என்று முனியசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"நம்ம வீட்ல வெளையாட்டுன்னாலே ஆகாதுப்பா. இவ்ளோ பெரிய டிவி வாங்கிப் போட்டிருக்கேன், திரும்பிப் பாக்க மாட்டா," என்றான் முத்துராமன், ஏதோ விருது வாங்கியவன்போல.

நாகவள்ளியும் சேர்ந்து சிரித்தாள். திரும்பிப் பார்த்துப் பார்த்தே அவள் கழுத்து வலித்தது அவனுக்குத் தெரியாது. அன்றிரவு தைலம் தேய்த்துவிட்டவனும் அவன்தான்; ஏன் வலி என்று மட்டும் கேட்கவில்லை.

பெய்ஜிங் வந்தது. துப்பாக்கி சுடுதலில் இந்தியாவுக்குத் தங்கம் என்ற செய்தி திங்கட்கிழமை வந்தபோது, மாலையில் நண்பர்கள் கேம்பிலிருந்து டாக்சி பிடித்து ஓடிவந்தார்கள். கொண்டாட்டத்துக்குக் கேசரி வேண்டும் என்றான் முத்துராமன். தொலைக்காட்சியில் அந்த வீரன் மேடையேறியதையும் கொடி ஏறியதையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ரவை கட்டி தட்டாமல் கிண்டவேண்டிய பதத்தில் நாகவள்ளி நின்றாள். நாட்டுப்பண் காதில் விழுந்தபோது அவளும் நிமிர்ந்து நின்றாள். கரண்டி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை, ஆகஸ்டு பதினைந்து. நாள் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா? ஒரு நாடு தளை அறுத்த நாள்.

காலையில் அகிலா ஆங்கிலப் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்தாள். பதினொரு வயது. ஊருக்குப் போக அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் விடுமுறை முழுதும் தொலைக்காட்சியே அவளுக்குத் துணை.

"மம்மி, டுடே ஈவ்னிங் விமன்ஸ் டென் தவுசண்ட். சிக்ஸ் ஃபார்ட்டிஃபைவ்."

"தமிழ்ல சொல்லுடி."

"பொம்பளைங்க ஓடுறது. பத்தாயிரம் மீட்டர். கிரவுண்ட இருபத்தஞ்சு வாட்டி சுத்தணும். அரைமணி நேரம் ஆகும்."

நாகவள்ளியின் கையில் வெங்காயம் அப்படியே நின்றது. அரைமணி நேரமா! நூறு மீட்டர் என்றால் மிளகாய் தாளிக்கிற நேரத்தில் முடிந்துவிடுகிறது. கூடத்துக்கு ஓடிவருவதற்குள் வென்றவன் கொடியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறான். இது அரைமணி நேரப் பந்தயம். இடையில் இரண்டுமுறை எழுந்துபோனாலும் திரும்பி வரும்போது ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். இதைக்கூட முடிவுவரை பார்க்க முடியாவிட்டால் பிறகு எதைப் பார்ப்பது?

"இன்னிக்கி நான் ஒக்காந்து பாக்கப்போறேன்," என்றாள்.

"ஹால்லயா?" என்று அகிலா நிமிர்ந்தாள்.

"ஹால்லதான். ஒம்பக்கத்துல."

மகள் சிரிக்கவில்லை. பத்திரிகையை மடித்துவிட்டு, "ப்ராமிஸ்?" என்று கை நீட்டினாள். தாய் வெங்காயக் கையால் அடித்துக் கொடுத்தாள்.

பிறகு அந்த வீட்டில் நடந்த ஆயத்தத்தைப் படைத்தலைவர்கள் பார்த்துப் பாடம் படித்திருக்கலாம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கே முடிந்தது. பாத்திரம் மூன்றுக்குள் கவிழ்ந்தது. ஐந்தரைக்குச் சட்னி தயார். ஆறேகாலுக்குப் பஜ்ஜி ஒரு தாம்பாளம். ஆறரைக்குப் பெரிய ஃபிளாஸ்க் நிறைய டீ. அதைச் சுற்றி தம்ளர்கள். சர்க்கரை வேண்டுபவருக்கு அதுவும் தனியே. கேட்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லாதபடி எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பிவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, ஆறு நாற்பத்துநான்குக்கு நாகவள்ளி கூடத்துக்குள் வந்தாள்.

சோபாவில் இடமில்லை. முனியசாமி கால் நீட்டியிருந்தான். அகிலா தரையில் தன் பக்கத்தைத் தட்டிக்காட்டினாள். நாகவள்ளி உட்கார்ந்தாள். முழுத்திரையும் அவள் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. இவ்வளவு அகலமா! மைதானத்துக்கு வலப்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே! அங்கேயும் கூட்டம் உட்கார்ந்திருக்கிறதே!

துப்பாக்கி வெடித்தது. முப்பதுபேருக்குக் குறையாத பெண்கள் ஒரே கொத்தாய்ப் புறப்பட்டார்கள்.

"ஓ, பொம்பளைங்க ஓட்டமா? அரைமணி நேரம் இழுப்பாங்களே. நீச்சல் எதுவும் போடலியா?" என்றான் முத்துராமன்.

"வேணாம்ப்பா! இதுதான்!" என்று அகிலா ரிமோட்டை மடிக்கடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் சுற்று. "வள்ளி, சட்னில ஒரு கல் உப்பு குறையுது." நாகவள்ளி எழுந்தாள், உப்போடு வந்தாள், உட்கார்ந்தாள்.

ஐந்தாம் சுற்று. "மதினி, பஜ்ஜி ஆறிப்போச்சு. சூடா ரெண்டு போட்டுக் குடுத்தா இந்தப் புள்ளைங்களவிட வேகமா ஓடுவேன்." முனியசாமி வேடிக்கையாகத்தான் கேட்டான். ஆனால் வேடிக்கையாகக் கேட்டாலும் எண்ணெய் காயத்தானே வேண்டும்? நாகவள்ளி எழுந்தாள். அடுப்பைப் பற்றவைத்துக் கழுத்தைத் திருப்பினாள். திரை மறுபடியும் பாதியாயிற்று. இடது ஓரத்தில் நாலைந்து பெண்கள் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் சுற்றில் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. "மாப்ளே, ஓடிட்டு இருக்கட்டும். தொழுதுட்டு வர்றதுக்குள்ள முடியாது," என்று கௌஸ் முகைதீன் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒன்பதாம் சுற்றில்தான் அது நடந்தது.

"அகிலா," என்றான் முத்துராமன், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, "எந்திரிச்சுப் போய் அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு. பொம்பளப்புள்ள என்ன டிவி முன்னாடியே."

அகிலா எழவில்லை. ரிமோட்டை இறுகப் பிடித்துக்கொண்டு தாய் இருந்த பக்கம் திரும்பினாள். பிறகு மெல்ல எழுந்தாள். எழும்போதும் முகம் திரைப்பக்கமே இருந்தது. நடந்தபோது கழுத்து மட்டும் பின்னால் திரும்பியிருந்தது.

அந்தக் கழுத்தை நாகவள்ளி பார்த்தாள்.

ஐந்தாண்டுகள் தன் கழுத்து வலித்தபோது பொறுத்தவள். நீலச்சட்டைக்காகச் சிரித்தபோது கூடச் சிரித்தவள். தன்னுடைய பாதித் திரையை அவள் ஏற்றுக்கொண்டிருந்தாள். அதை மகளுக்கும் சீதனமாக எழுதிவைக்க அவள் சம்மதிக்கவில்லை.

அடுப்பை அணைத்தாள். நேரே கூடத்துக்கு வந்தாள். தொலைக்காட்சி மேசையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். தள்ளினாள். சக்கரங்கள் கிறீச்சிட்டன. பெய்ஜிங் மைதானம், ஓடுகிற பெண்கள், அரபியில் கத்துகிற வருணனையாளர் அத்தனையும் அப்படியே சுற்றிச் சமையற்கட்டைப் பார்த்து நின்றன. சோபாவுக்கு மிஞ்சியது பெட்டியின் முதுகும், அதில் படிந்த தூசும்.

"ஏய் வள்ளி! என்ன இது?"

"டிவிங்க."

"டிவின்னு தெரியுது. எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள வாங்க. அடுப்படில எடம் இருக்கு. அங்கருந்து பாத்தா இப்ப முழுசாத் தெரியும்."

முத்துராமனின் முகம் கறுத்தது. "ஆளு இருக்கும்போது இப்படியா பண்ணுவே? முனியசாமி என்ன நெனைப்பான்?"

"அவரு பஜ்ஜி வேணும்னுதான் நெனைப்பாரு. அதையும் நானே போடணும், ஓட்டத்தையும் நான் பாக்கணும். ரெண்டும் ஒரே எடத்துல நடக்கட்டும்னு வச்சேன். அஞ்சு வருசமா அங்கருந்துதான் பாக்குறேன். எனக்குப் பாதி டிவிதான் தெரியும். ஓடி முடிச்ச ஒரு ஆளக்கூட நான் கண்டதில்லங்க."

"பாதியா? நீதான் பாக்கவே மாட்டியே?"

"வந்து என் எடத்துல நின்னு பாத்தீகளா ஒருநாளாச்சும்?"

முத்துராமன் வாயைத் திறந்தான். என்ன சொல்லியிருப்பானோ, அதற்குள் முனியசாமி எழுந்துவிட்டான்.

"அண்ணே, கோவத்த அப்புறம் வச்சுக்குவோம். எத்தனாவது சுத்துன்னே தெரியாமப் போயிரும்." தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் நுழைந்தான். அடுப்பருகே நின்றான். கரண்டியைப் பார்த்தான். மாவைப் பார்த்தான். "தள்ளுங்க மதினி. செவ்வாக்கெழம எனக்கு மெஸ் டூட்டி. பதினாறு தடியனுக்கு மீன் கொழம்பு வச்சவன், பஜ்ஜி போட மாட்டேனா?"

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே கொழுந்தனாரே?"

"நீங்க கேக்கலியே!"

"நீங்களும் சொல்லலியே!"

அகிலா கைகொட்டிச் சிரித்தாள். சமையல் மேடைமீது ஏறி உட்கார்ந்து, தாய்க்குப் பக்கத்தில் இடம் காட்டினாள். நாகவள்ளி தன் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக, ஒரு சமையற்கட்டில் எதையும் கிண்டாமல் உட்கார்ந்தாள்.

கூடத்தில் முத்துராமன் தனியே நின்றான். ஏசி அவன் ஒருவனுக்காக ஓடியது. தொலைக்காட்சியின் முதுகைச் சற்று நேரம் பார்த்தான். அதில் எந்தப் பந்தயமும் தெரியவில்லை. உள்ளேயிருந்து "ஐயோ, முந்துறா, முந்துறா!" என்று மகளின் குரல். ஆண்மை பெரிதா, பந்தயம் பெரிதா என்ற வழக்கு அவன் நெஞ்சுக்குள் இரண்டு சுற்று ஓடியது. பந்தயம் வென்றது. தொண்டையைச் செருமிக்கொண்டே கதவுநிலையைத் தாண்டினான்.

அடுப்பு அனலும் ஆகஸ்டு அனலும் சேர்ந்து அவனை அணைத்துக்கொண்டன. ஐந்து நிமிடத்தில் பனியன் ஒட்டிக்கொண்டது.

"இதுக்குள்ள என்ன இவ்வளவு காந்தல்?" என்றான்.

"புதுசா வந்திருக்கீகல்ல, அதான். பழகிரும்," என்றாள் நாகவள்ளி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

பதினெட்டாம் சுற்றில் கௌஸ் முகைதீன் திரும்பி வந்தார். கூடம் காலி. சோபாவில் ஒருவரும் இல்லை. சமையற்கட்டுக்குள் இரண்டு ஆண்குரல்கள்.

"யா அல்லாஹ்! மாப்ளே, பதினஞ்சு நிமிசத்துல என்னய்யா ஆச்சு? டிவி ஏன் முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது?"

"உள்ள வாங்க பாய்! பந்தயம் வீடு மாறிருச்சு!" என்று முனியசாமி கூவினான்.

அவர் எட்டிப் பார்த்தார். வெல்டர் பஜ்ஜி திருப்புகிறான்; ஃபோர்மேன் வியர்த்துப்போய் வெங்காயம் நறுக்குகிறான்; தங்கச்சி மேடைமேல் வீற்றிருக்கிறாள். பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார். "எங்க வீட்ல ஜுலைஹா பீவி இதப் பாத்தா என் ரெண்டு மாச லீவையும் கேன்சல் பண்ணி அடுப்படிலயே நிப்பாட்டிருவா. அவகிட்ட மட்டும் போன்ல சொல்லிராத தங்கச்சி," என்றார்.

இதற்குள் பந்தயம் உருமாறியிருந்தது. கொத்தாய்ப் புறப்பட்டவர்கள் நூல்போல நீண்டுவிட்டார்கள். முன்னால் இருவர் மட்டும் தனியே பிரிந்து போனார்கள். துருக்கிக்காக ஓடுகிறவள் முன்னே. எத்தியோப்பியப் பெண் ஒருத்தி அவளுடைய நிழலை மிதித்துக்கொண்டு பின்னே. ஒருத்தி இழுக்கிறாள்; மற்றவள் விடமாட்டேன் என்கிறாள். நாகவள்ளியின் கை அகிலாவின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது.

இன்னும் மூன்று சுற்று. அப்போது படம் போயிற்று.

திரை முழுதும் நீலம். மேசையைத் திருப்பியபோது இழுபட்டு நின்ற டிஷ் வயர், இதுவரை பொறுத்திருந்துவிட்டு, அந்த நேரம் பார்த்துக் கழன்றுகொண்டது.

"ஐயோ!" என்று ஐந்து தொண்டைகள்.

நாகவள்ளி மேடையிலிருந்து குதித்தாள். அவள் முகத்தைப் பார்த்தான் முத்துராமன். தோஹாவிலும் ஏதென்ஸிலும் இந்த முகத்தை அவன் பார்த்ததில்லை. அப்போது இது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஐந்தாண்டு காத்திருந்த ஒருத்தியிடமிருந்து மூன்று சுற்றைப் பிடுங்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அந்த முகம்.

"நீ அங்கயே இரு. அசையாத!" என்று வெங்காயக் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான்.

பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டான். வயரைத் துளையில் செருகினான். படம் வந்தது. கையை எடுத்தான். போயிற்று. மறுபடி அழுத்தினான். வந்தது. இழுப்பு அப்படி, பிடித்துக்கொண்டே இருந்தால்தான் பெய்ஜிங், விட்டால் நீலம்.

"புடிச்சுக்கங்க! விட்றாதீங்க!" என்று சமையற்கட்டே கத்தியது.

பிடித்துக்கொண்டான். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே, தூசு மூக்கில் ஏற, வியர்வை கண்ணில் இறங்க, அந்த வீட்டின் தலைவன் வயரைப் பிடித்தபடி கிடந்தான். அவனுக்கு எதிரே இருந்தது பெட்டியின் முதுகு ஒன்றுதான். வருணனையாளன் அரபியில் கத்துகிறான். கூட்டம் இரைகிறது. உள்ளே எல்லாரும் மூச்சைப் பிடிக்கிறார்கள், விடுகிறார்கள். என்ன நடக்கிறது?

"வள்ளி, என்ன ஆச்சு? யாரு முன்னால?"

"சும்மா இருங்க, மணி அடிக்கிறாங்க! கடைசிச் சுத்து!"

"யாருன்னு சொல்லு! எனக்கு ஒண்ணும் தெரியலயே!"

அவன் குரலில் இருந்த அந்தத் தவிப்பு நாகவள்ளிக்கு நன்றாகத் தெரிந்த தவிப்பு. திரும்பிப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு உரிமை இருந்தது. அவள் சிரிக்கவில்லை. சொல்லத் தொடங்கினாள்.

"துருக்கிக்காரிதாங்க முன்னால போறா. எத்தியோப்பியாக்காரி பின்னாலயே ஒட்டிக்கிட்டு வர்றா. இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான்... ஆங்! பின்னால வந்தவ வெளிய வந்துட்டா! வெளிய வந்துட்டா! என்னா காலுங்க அது! அம்மாடி, இவ்வளவு நேரம் ஓடின காலு மாதிரியா இருக்கு, இப்பத்தான் வீட்டவிட்டுக் கெளம்பின மாதிரி பறக்குறாளே! தாண்டிட்டா! பின்னாடி யாரும் இல்ல! தனியா வர்றா, தனியா வர்றா... கோடு வருதுங்க! அந்தப் பக்கத்துலருந்து கோடு வருது!"

"அப்புறம்? அப்புறம்?"

"வந்துட்டா." குரல் சட்டென்று இறங்கிற்று. "வந்து சேந்துட்டா, ஏங்க."

அகிலா கூவினாள். முனியசாமி கரண்டியை வைத்துக் கடாயைத் தட்டினான். நாகவள்ளி மட்டும் அசையாமல், அந்தப் பெண் கோட்டைத் தாண்டி நின்று முகத்தைக் கையால் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப விட்றட்டுமா? கை மரத்துப் போச்சு," என்றது பெட்டிக்குப் பின்னாலிருந்த குரல்.

"விட்றாதீங்க! இன்னும் ஆளுங்க ஓடுறாங்க."

"ஜெயிச்சாச்சேம்மா?"

"ஜெயிச்சவள இன்னிக்குத்தான் பாத்தேன். பின்னால வர்றவங்கதான் எனக்குப் பழக்கம். அவங்கல்லாம் வந்து சேர்றதையும் பாத்துக்கறேன். புடிங்க."

அவன் பிடித்தான். ஒருத்தியாய், இருவராய், சிலர் நொண்டியபடியும் சிலர் சிரித்தபடியும் வந்து கோட்டைத் தொட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் சமையற்கட்டில் கைதட்டல் எழுந்தது. தட்டுகிற கைகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டே முத்துராமன் மண்டியிட்டிருந்தான். கைதட்டல் ஓய்ந்தபோது, "அவ்வளவுதான், எல்லாரும் வந்தாச்சு," என்று நாகவள்ளியே வந்து அவன் கையிலிருந்து வயரை வாங்கினாள். அவன் முகமெல்லாம் தூசு.

"வள்ளி, நாளைக்கு என்ன ஓட்டம்?" என்றான்.

"நூறு மீட்டராம். பத்து நொடிதானாம்."

"அப்ப டீ நான் முன்னாடியே போட்டு வச்சுர்றேன்."

"ஜுபைல் டீயா மாப்ளே? அப்ப நாங்க கேம்ப்லயே குடிச்சுட்டு வர்றோம்," என்றார் கௌஸ் முகைதீன். வீடு சிரித்தது. இந்தமுறை அந்தச் சிரிப்பில் எவருடைய பங்கும் குறைக்கப்படவில்லை.

தோழர்களே! ரோலாவில் வழக்கு முடிந்தது. உங்கள் தெருவில் முடிந்ததா? இதைப் படித்துக்கொண்டிருக்கிற இந்நேரம், உங்கள் கூடத்தில் ஏதோ ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். உங்களுக்குப் பின்னால் எங்கோ கடுகு வெடித்துக்கொண்டிருக்கும். எழுந்திருங்கள். அங்கே நிற்கிறவளிடம், "உனக்கு எதுவரை தெரிகிறது?" என்று கேளுங்கள். அவள் நிற்கிற இடத்தில் நீங்கள் போய் நின்று, அங்கிருந்து பாருங்கள். அவள் கையிலிருப்பதை வாங்கிக்கொண்டு, அவளைக் கொண்டுவந்து உங்கள் நாற்காலியில் உட்கார வையுங்கள். முடிவு வரும்வரை எவரும் எதுவும் கேட்காதீர்கள். நாளைக்கு அல்ல, அடுத்த ஒலிம்பிக்கிற்கு அல்ல. இந்தப் பக்கத்தை மூடியதும், முதல் வேலையாகச் செய்யுங்கள்!